அப்பா போகப் போவது எனக்கு முன்பே தெரிந்ததா?

கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்ட பெண்ணின் அப்பா மாரடைப்பில் இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவர் இறப்பதற்கு மூன்று நாள் முன்னால் விடியற்காலையில் இந்தப் பெண்ணுக்கு ஒரு கனவு. அப்பா வெள்ளை வேட்டியோடு வாசற்படி இறங்கி, கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போகிறார். அந்த வாரம் முழுக்கக் காரணமே இல்லாமல் அடிவயிறு கலங்கிக்கொண்டே இருந்ததாம். இப்போது அம்மாவை நினைத்தாலும் அதே கலக்கம் வருகிறது. "நடக்கப் போவது எனக்கு முன்பே தெரிகிறதா? தெரிந்தும் அப்பாவைக் காப்பாற்றாமல் விட்டுவிட்டேனா?" என்று கேட்டிருக்கிறார்.

மனநல ஆலோசனை வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் பல உருவங்களில் வந்திருக்கிறது, பெரும்பாலும் ஒரு சாவுக்குப் பிறகுதான் வரும். உங்களுக்கு நேரடியாகவே சொல்கிறேன். உங்களுக்கு வந்த கலக்கம் உண்மை, அதைக் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது வருங்காலத்திலிருந்து வந்த சேதி இல்லை, நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்த விஷயங்களிலிருந்து வந்தது. இரண்டாவது கேள்விக்குப் பதில், இல்லை. நீங்கள் விட்டுவிடவில்லை. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "அப்படியெல்லாம் நினைக்காதே" என்று நூறு பேர் ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருப்பார்கள், அதனால் ஒன்றும் ஆகியிருக்காது.

உங்கள் கேள்வியின் நடுவில், வேறு எதையோ சொல்ல வரும்போது, ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடைசி ஒரு மாதமாக அப்பா இரண்டு தலையணை வைத்துத்தான் படுத்தார், மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று. படுத்தால் மூச்சு முட்டுவதும், அதனால் தலையை உயர்த்திப் படுப்பதும் இதயம் தளர்ந்துகொண்டிருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள். நெஞ்சு தொடர்பாக யாராவது போனால் டாக்டர்கள் கேட்கிற கேள்விகளில் அதுவும் ஒன்று. உங்களுக்கு அந்த மருத்துவம் தெரியாது. ஆனால் முப்பது வருடம் பார்த்துப் பழகிய ஒரு மனிதரின் நடை மாறுவதை, மூச்சு மாறுவதை, சாப்பாட்டில் கை நிற்கும் இடம் மாறுவதை உங்கள் மூளை கவனித்துக்கொண்டேதான் இருந்தது. அது உங்களுக்கு வாக்கியமாகச் சொல்லவில்லை, வயிற்றில் சொன்னது. கனவில் வேட்டியைக் கட்டிவிட்டு வாசலில் இறக்கியது.

இப்படி, தெரியும் என்பதே தெரியாமல் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பதற்கு ஒரு தீயணைப்பு அதிகாரியின் கதையைச் சொல்வார்கள். கேரி க்ளைன் என்ற அமெரிக்க உளவியலாளர், அவசரத்தில் முடிவெடுப்பவர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்று 1980-களில் தீயணைப்பு வீரர்களிடம் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார். ஓர் அதிகாரி, தனக்கு ஆறாவது அறிவுக்கு மேல் ஏதோ சக்தி இருப்பதாகவே நம்பினார். ஒரு வீட்டின் பின்பக்கச் சமையலறையில் தீ. குழுவோடு உள்ளே போய்த் தண்ணீர் அடிக்கிறார், தீ அடங்கவில்லை. திடீரென்று மனசுக்கு ஏதோ சரியில்லை என்று பட, எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டார். வெளியே வந்த சற்று நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தரை அப்படியே உள்ளே சரிந்தது. தீ சமையலறையில் இல்லை, காலுக்குக் கீழே நிலவறையில் எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் நிலவறை இருப்பதே அவருக்குத் தெரியாது. க்ளைன் பொறுமையாகத் துருவித் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது: இவ்வளவு சின்னத் தீக்கு அறை அளவுக்கு மீறிச் சுட்டது, அவ்வளவு சூட்டுக்கு இருக்க வேண்டிய சத்தம் இல்லை, தண்ணீருக்கு அடங்க வேண்டியது அடங்கவில்லை. பல வருட அனுபவம் எதிர்பார்த்த எதுவும் அங்கே பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்பது மட்டும் உடம்புக்கு எட்டியது, காரணம் எட்டவில்லை.

இதையே ஆய்வுக்கூடத்திலும் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் அயோவாவில் பெஷாரா, டமாசியோ ஆகியோரின் குழு 1997-இல் வெளியிட்ட சோதனை மிகவும் பிரபலம். நான்கு சீட்டுக் கட்டுகள், இரண்டில் பெரிய லாபமும் அதைவிடப் பெரிய நஷ்டமும் வரும், மற்ற இரண்டில் சின்ன லாபம்தான் ஆனால் மொத்தத்தில் கையைக் கடிக்காது. விளையாடுகிறவருக்கு இது சொல்லப்படவில்லை. பத்துச் சீட்டு எடுப்பதற்குள்ளேயே, மோசமான கட்டுப் பக்கம் கை போகும்போது உள்ளங்கையில் லேசாக வியர்க்க ஆரம்பித்துவிட்டதாம், "இந்தக் கட்டு சரியில்லை போல" என்று வாய்விட்டுச் சொல்ல ஐம்பது சீட்டு வரை ஆனது. பின்னால் வந்த ஆய்வாளர்கள், நுணுக்கமாகக் கேட்டால் விளையாடுகிறவர்களுக்கு அதற்கு முன்பே கொஞ்சம் தெரிந்துதான் இருக்கிறது என்று மறுப்பும் சொன்னார்கள், அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. எப்படியிருந்தாலும் எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒன்று உண்டு. அந்த வியர்வை வரப்போகும் சீட்டைப் பார்த்து வந்ததில்லை, எடுத்துமுடித்த சீட்டுகளிலிருந்து வந்தது.

சரி, கனவுக்கு வருவோம். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பது நம் வீடுகளில் எல்லோரும் சொல்வது. இதில் ஒரு பாதி சரியான கவனிப்பு என்றே நான் நினைக்கிறேன். ஓர் இரவில் நான்கைந்து முறை கனவுத் தூக்கம் வருகிறது, முன்னிரவில் வருவது சில நிமிடங்கள், விடியும் நேரத்தில் வருவதுதான் மிக நீளம். அதிலிருந்து நேராக விழித்துக்கொண்டால் கனவு நினைவில் நிற்கும், நடுராத்திரிக் கனவு வந்த சுவடு தெரியாமல் போய்விடும். ஆக, நமக்கு ஞாபகம் இருக்கும் கனவுகளில் பெரும்பாலானவை விடியற்காலைக் கனவுகள்தான், அதனால் பலித்ததாகத் தோன்றுகிற கனவும் பெரும்பாலும் விடியற்காலைக் கனவாகவே இருக்கும். பகலெல்லாம் எதைப் பற்றிக் கவலையோ அதுதான் கனவில் வேஷம் மாற்றிக்கொண்டு வரும். நீங்கள் அப்பாவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தீர்கள், வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும்.

அடுத்து நினைவு. இதைச் சொல்லும்போது தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, உல்ரிக் நைஸர் என்ற உளவியலாளர் தன் கல்லூரி மாணவர்களிடம், அந்தச் செய்தியை எங்கே, யார் சொல்லி, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை வருடம் கழித்து 44 பேரைக் கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டார்கள். நான்கில் ஒருவருக்கு எல்லாமே தவறு. மூன்றே பேருக்குத்தான் முழுவதும் சரி. தவறாகச் சொன்னவர்களும் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டினாலும் பழைய நினைவு திரும்பி வரவில்லை. அப்படியானால் "மூன்று நாள் முன்னால்" என்பது பத்து நாளாக இருந்திருக்கலாம். கனவில் அப்பா வெறுமனே கடைக்குப் போயிருக்கலாம், திரும்பிப் பார்க்காதது பின்னால் சேர்ந்திருக்கலாம். துக்கம் நினைவைத் திரும்பத் திரும்ப எடுத்துத் தடவுகிறது, தடவத் தடவ அதன் வடிவம் மாறுகிறது. இது மனித மூளையின் இயல்பு, உங்கள் குறை இல்லை.

எண்ணிக்கை என்று ஒன்றும் இருக்கிறது. யாரையோ நினைத்துக்கொண்டிருக்கும்போது அவரே வாசலில் வந்து நின்றால் "உனக்கு ஆயுசு நூறு" என்கிறோம். நினைத்தும் வராதவரிடம் போய் எதுவும் சொல்வதில்லை, அப்படி எத்தனை பேர் என்ற கணக்கே நம்மிடம் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையிலும், பழம் விழாமல் காக்கை உட்கார்ந்து எழுந்துபோன நாட்களை யாரும் கதையாகச் சொல்லவில்லை. ஒரு ராத்திரிக் கனவு அடுத்த சில நாட்களில் தற்செயலாகப் பொருந்திவிட பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், இது சும்மா ஒரு கணக்குக்கு. தமிழ்நாட்டில் ஏழு கோடிக்கு மேல் மக்கள். அப்படியானால் ஒவ்வொரு இரவும் ஏழாயிரம் பேருக்குப் பலிக்கிற கனவு வர வேண்டும். ஒரு தனி ஆளுக்கே பத்தாயிரம் இரவு என்பது சுமார் 27 வருடம்தான், சராசரியாக வாழ்நாளில் இரண்டு மூன்று முறை வரலாம். போதாததற்கு நம் ஊரில் கனவில் சாவைக் கண்டால் ஆயுசு கெட்டி, கல்யாணத்தைக் கண்டால் சாவு என்று தலைகீழாகவும் பலன் சொல்வார்கள். எந்தக் கனவு வந்தாலும் ஏதாவது ஒரு பக்கம் பொருந்திவிடும்.

இதையெல்லாம் ஒருவர் உண்மையிலேயே கணக்கெடுத்துப் பார்க்கத் துணிந்தார். அந்தக் கதை என்னை விட்டு அகலாத கதை.

1966 அக்டோபர் 21, வேல்ஸ் நாட்டில் அபெர்ஃபான் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்கக் கழிவை ஊருக்கு மேலே மலைச்சரிவில் வருடக்கணக்காகக் கொட்டி மலை மாதிரிக் குவித்து வைத்திருந்தார்கள். மழையில் ஊறி, காலை 9.15 மணி வாக்கில் அது சரிந்து, கீழே இருந்த பள்ளிக்கூடத்தின் மேல் வந்து விழுந்தது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். மறுநாள் முதல் அரைப்பருவ விடுமுறை. ஜான் பார்க்கர் என்ற மனநல மருத்துவர் அந்த ஊருக்குப் போனார். விபத்தை முன்பே உணர்ந்ததாகச் சிலர் பேசிக்கொள்வதைக் கேட்டார். பத்து வயதுப் பெண் குழந்தை ஒன்று, பள்ளிக்கூடமே இல்லை, கறுப்பாக ஏதோ மூடியிருந்தது என்று தான் கண்ட கனவை அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போய் இறந்துபோன கதை அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. லண்டன் பத்திரிகை ஒன்றின் அறிவியல் நிருபர் பீட்டர் ஃபேர்லியின் உதவியோடு பார்க்கர், முன்னுணர்வு வந்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்க, 76 கடிதங்கள் வந்தன.

பெரும்பாலானவர்கள் அதோடு ஒரு புத்தகம் எழுதியிருப்பார்கள். பார்க்கர் சரியான கேள்வியைக் கேட்டார். விபத்துக்குப் பிறகு வந்த கடிதத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, நடப்பதற்கு முன்னாலேயே எழுதி வாங்கி, தேதி போட்டு வைத்தால்தானே தெரியும்? 1967 ஜனவரியில் அதற்கென்றே ஓர் அலுவலகம் தொடங்கினார்கள். யாருக்கு எந்த முன்னுணர்வு வந்தாலும் எழுதி அனுப்பலாம், இவர்கள் பதிந்து வைத்து, பிறகு செய்திகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முதல் பதினைந்து மாதத்தில் 700-க்கும் மேல் வந்தன. பொருந்தியதாக அவர்களே எடுத்துக்கொண்டவை 18. அந்தப் பதினெட்டில் பன்னிரண்டு இரண்டே பேரிடமிருந்து, ஒருவர் தொலைபேசி நிலைய ஊழியர், இன்னொருவர் பியானோ சொல்லிக்கொடுக்கும் பெண். அந்த ஊழியர் 1967-இல் ஒரு பெரிய விமான விபத்தைச் சொன்னார், அடுத்த மாதமே சைப்ரஸில் ஒரு விமானம் விழுந்து 126 பேர் இறந்தார்கள், அவர் சொன்ன எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அதுதான். கேட்டால் மயிர்க்கூச்செறியும். ஆனால் அந்தக் காலத்தில் விமானங்கள் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தன, பதிந்துவைத்த மற்ற எழுநூறு சொச்சம் கடிதங்கள் எதையும் தடுக்கவில்லை. எந்த விபத்தையும் முன்கூட்டி எச்சரிக்க அந்த அலுவலகத்தால் முடிந்ததே இல்லை.

பார்க்கரின் உயிருக்கே ஆபத்து என்றும் அந்த இருவரும் அவரிடம் சொன்னார்கள். சாவு வரும் என்று நம்பிப் பயத்தாலேயே சாகிறவர்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். 1968 ஆகஸ்டில், 44 வயதில், மூளையில் இரத்தக் கசிவால் இறந்துபோனார். இதை வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒன்று மட்டும் எனக்குத் தோன்றும். தன் உயிருக்கு ஆபத்து என்று கேட்ட மனிதர் அதற்குப் பிறகு எப்படித் தூங்கியிருப்பார்?

அபெர்ஃபானில் உண்மையான முன்னறிவிப்பு வேறொன்று இருந்தது. அந்தக் குவியல் ஊற்றுகள் இருந்த இடத்தின் மேல் கொட்டப்பட்டிருந்தது. அதே மலைச்சரிவில் 1944-இல் ஒரு குவியல் சரிந்திருக்கிறது, பிறகு பள்ளிக்கூடத்தைக் கொன்ற அதே ஏழாம் எண் குவியலும் 1963-இல் ஒருமுறை சரிந்திருக்கிறது. அதே 1963-இல் உள்ளூர் நிர்வாகத்தின் பொறியாளர், பள்ளிக்குப் பின்னால் கொட்டப்படும் நிலக்கரிச் சேற்றால் ஆபத்து என்று தலைப்புப் போட்டே கடிதம் எழுதினார். விசாரணைக் குழு 76 நாள் உட்கார்ந்து கேட்டு, தேசிய நிலக்கரி வாரியம்தான் பொறுப்பு என்று எழுதியது. ஊரே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் இடத்தில் நின்ற மலை அது. அதன் நிழலில் வளர்ந்த ஒரு குழந்தைக்குக் கறுப்பாக ஏதோ வந்து மூடுவதாகக் கனவு வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை, பெரியவர்கள் மேஜைமேல் அந்தக் கடிதம் கிடந்ததுதான் நெஞ்சை அறுக்கிறது.

வருங்காலத்தை உணர முடியும் என்று நிரூபித்ததாக ஓர் ஆய்வு 2011-இல் பெரிய பரபரப்பைக் கிளப்பியது, அதையும் சொல்லிவிடுகிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தின் டேரில் பெம், ஆயிரம் பேருக்கு மேல் வைத்து ஒன்பது சோதனைகள் செய்தார். இரண்டு திரைகளில் எதன் பின்னால் படம் வரும் என்ற ஒரு சோதனையில் 53 சதவீதம் சரியாகச் சொன்னார்கள் என்றார். மற்றவர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது ஒன்றும் வரவில்லை. மூவாயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்தும் வரவில்லை. அதன் நல்ல விளைவு என்னவென்றால், நம் துறை ஆய்வு செய்யும் முறையே இவ்வளவு ஓட்டையா என்று உளவியலாளர்கள் தங்களையே திருப்பிப் பரிசோதிக்க ஆரம்பித்தார்கள். இன்னொரு சின்ன ஆய்வு எனக்குப் பிடிக்கும். "இது ஏற்கெனவே நடந்த மாதிரி இருக்கே" என்று சில சமயம் தோன்றுமே, அப்போது அடுத்து என்ன வரும் என்றும் தெரிவது போலவே இருக்கும். ஆன் க்ளியரி என்ற ஆய்வாளர் கணினியில் உருவாக்கிய காட்சிகளுக்குள் ஆட்களை நடக்கவிட்டு, அந்த உணர்வு வரும் நேரத்தில் அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று கேட்டார். நிச்சயமாகத் தெரியும் என்ற உணர்வு அவர்களுக்கு இருந்தது. சொன்னதோ குத்துமதிப்பைவிட ஒரு துளியும் மேல் இல்லை. தெரிகிறது என்ற உணர்வும் தெரிவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இப்போது உங்கள் குற்ற உணர்வு. தலையணை, மாடிப்படி, கோயில், கனவு, இந்த நான்கையும் ஒரே கோட்டில் வைத்தது எது? அப்பாவின் சாவு. அது நடக்கும்வரை அந்தக் கோடு இல்லை, வயதாகிறது, மழைக்காலம், முட்டி வலியாக இருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதாரணக் காரணம் இருந்தது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போவதற்கு முன், என்னென்ன நடக்கும் என்று மாணவர்களிடம் பாரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் கணிக்கச் சொன்னார். போய்வந்த பிறகு, நீங்கள் முதலில் என்ன கணித்தீர்கள் என்று அவர்களிடமே கேட்டார். நடந்ததையெல்லாம் தாங்கள் முன்பே அதிக நிச்சயத்தோடு சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் வேண்டாத ஒரு அரசியல் பயணத்துக்கே மனசு இப்படிச் செய்கிறது என்றால், பெற்ற அப்பாவின் சாவுக்கு என்ன செய்யாது? உங்களிடம் இருந்தவை துண்டுகள். துண்டுகள் இருப்பது தெரிந்துவைத்திருப்பதாகாது. தெரியாத ஒன்றுக்காக யாரும் குற்றவாளி ஆக முடியாது.

அம்மாவைப் பற்றி வரும் கலக்கத்துக்குப் பெரும்பாலும் வேறு காரணம். அப்பாவின் விஷயத்தில் அடிவயிறு சொன்னது ஒருமுறை பலித்ததாக மனசு முடிவு கட்டிவிட்டது, இனி அது சொல்வதையெல்லாம் நம்பச் சொல்கிறது. அமெரிக்காவில் 2020-இல் வந்த ஓர் ஆய்வில், பதற்றக் கோளாறு உள்ள 29 பேரிடம் அவர்கள் கவலைகளை அவ்வப்போது எழுதி வாங்கி, பிறகு எது நடந்தது என்று பார்த்தார்கள். 91 சதவீதத்துக்கு மேல் நடக்கவே இல்லை. என் பாட்டி இறந்த பிறகு எனக்கும் இந்தத் தொல்லை இருந்தது, ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு முன்னுணர்வையும் தேதி போட்டு, யாருக்கு, என்ன, எந்த நாளுக்குள் என்று எழுதினேன். பாதி நோட்டு நிரம்பியது. பொருந்தியது ஒன்று, அதுவும் இழுத்துப் பிடித்தால்தான். நீங்களும் அப்படி எழுதிப் பாருங்கள், "ஏதோ கெட்டது" என்று எழுதினால் செல்லாது. கலக்கம் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்குப் போனால் ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள், ஏழு மாதம் என்பது இந்தத் துக்கத்துக்கு நீண்ட காலம் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. உங்களுக்கோ அம்மாவுக்கோ "நான் செத்துவிடப் போகிறேன்" என்ற உணர்வு தன் உடம்பைப் பற்றியே திடீரென்று வந்து, கூடவே நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், வியர்வை, உடம்பில் தடிப்பு என்று ஏதாவது இருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். மாரடைப்பு, கடும் ஒவ்வாமை, நுரையீரலில் இரத்தக் கட்டி, ஒத்துவராத இரத்தம் ஏற்றப்படுவது ஆகியவற்றில் இந்தச் சாவு பயம் ஓர் அறிகுறியாகவே மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அம்மாவுக்கு இன்றைக்கு ஒரு ஃபோன் போடுங்கள். கனவைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, சாயங்காலம் கால் வீங்குகிறதா, பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று மட்டும் கேளுங்கள்.